மாலை ஆறு மணிக்காக நண்பகலில் எரியும் நிலக்கரி

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போய்வருகிறவர்களுக்கு அத்திப்பட்டு புதுநகரை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குப் பக்கம் உயர்ந்து நிற்கும் சிம்னிகளே சொல்லிவிடும். வட சென்னை அனல் மின்நிலையம், பக்கத்திலேயே வல்லூர். வேலை நிமித்தமாக அந்தத் தடத்தில் அடிக்கடி போகிறேன். ஒரு கோடையில், பெட்டிக்குள் மின்விசிறியே அனலை வாரி இறைக்கும் உச்சிவேளையில், தமிழ்நாட்டின் சூரிய மின் உற்பத்தி புதிய உச்சத்தைத் தொட்டது என்ற செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் ஜன்னலுக்கு வெளியே சிம்னி புகைகிறது. அன்றைக்குத் தொற்றிக்கொண்ட கேள்வி இது. வெயில் இப்படிக் காய்கிறது, ஊரெங்கும் சோலார் பலகைகள் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. இந்த நேரத்தில் நிலக்கரியை ஏன் எரிக்கிறார்கள்?

கேட்ட இடத்திலெல்லாம் இரண்டே பதில்தான் கிடைத்தது. எல்லாம் நிலக்கரி இறக்குமதிக்காரர்களின் செல்வாக்கு, நினைத்தால் நாளைக்கே மூடிவிடலாம் என்பார்கள் ஒரு சாரார். சோலார் எல்லாம் கண்காட்சிக்குத்தான், நிலக்கரி இல்லாவிட்டால் ஒரு மோட்டார் ஓடாது என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டு பேருமே அடித்துச் சொன்னார்கள். என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் கேட்டது நண்பகலைப் பற்றி. பகல் 12 மணிக்கு, வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது, ஏன்?

இது எனக்கு வெறும் ஆர்வக் கேள்வியாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். 2008-ல் தொடங்கி நாலைந்து வருடம் நம்மைப் போட்டு வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் அப்பா கோவைப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். 2012-ல் அங்கே கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். கரண்ட் வரும் நேரம் பார்த்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய் மெஷினைப் போடுவார். பாதி கடைசலில் கரண்ட் போனால் அந்த ஜாப் வீண். அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் ‘அனல் மின்நிலையங்களை உடனே மூடு’ என்ற பதாகையை என்னால் சுலபமாகத் தூக்க முடியாது. அதே சமயம், எண்ணூர் கழிமுகத்தில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சேறு மின்நிலையச் சாம்பலாகிக்கொண்டிருப்பது வட சென்னைக்காரர்கள் அறிந்த சங்கதி. அதைத் தெரிந்துகொண்டே ‘வளர்ச்சி வேண்டாமா’ என்று கேட்கவும் எனக்கு வாய் வராது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் வெகுநாள் கழிந்தது.

காலண்டர் தாளில் ஒரு பள்ளம்

பெரியப்பா மின்வாரியத்தில் இருந்தவர். 210 மெகாவாட் யூனிட்டுகள் (ஒரு கொதிகலனும் அதன் டர்பைனும் சேர்ந்தது ஒரு யூனிட்) ஓடும் அனல் மின்நிலையம் ஒன்றில் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்து, உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றார். இப்போது மீஞ்சூரில் இருக்கிறார். ஒரு சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனபோது, பேச்சோடு பேச்சாக இந்தக் கேள்வியைப் போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த தினசரி காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு கோடு இழுத்தார். காலை ஆறு மணிக்கு ஏறி, ஒன்பது பத்துக்குப் பிறகு கீழே சரிந்து, நண்பகலில் ஆழமான பள்ளமாகி, நான்கு மணிக்கு மேல் செங்குத்தாக ஏறி, இரவு வரை மேலேயே நிற்கும் கோடு.

“இது என்ன, தேவையா?” என்றேன்.

“தேவை இல்லடா. தேவையில சோலாரைக் கழிச்சா மிச்சம் நிக்குது பாரு, அது. நாங்க குடுக்க வேண்டியது. மத்தியானம் சோலார் 5,000 மெகாவாட்டைத் தாண்டி வருது. அப்ப எங்களை இறங்கு இறங்குன்னு சொல்வாங்க. சூரியன் சாஞ்சதும் அந்த 5,000-மும் ரெண்டு மூணு மணி நேரத்துல காணாமப் போயிரும். அதே நேரத்துலதான் வீட்டுக்கு வீடு லைட்டு, ஃபேன், ஏசி. இப்ப ஏறு ஏறுன்னு சொல்வாங்க.”

“சரி, மத்தியானம் ஆஃப் பண்ணிட்டு சாயங்காலம் ஆன் பண்ணலாமே?”

பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. இவ்வளவு காலம் இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பதுபோல் ஒரு பார்வை. பிறகு, ஆறிக்கிடக்கும் யூனிட் ஒன்றை எழுப்புவது எப்படி என்று சொல்லத் தொடங்கினார். அந்த அரைமணி நேரப் பேச்சில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

முழுக்க ஆறிப்போன கொதிகலனில் எடுத்த எடுப்பில் நிலக்கரித் தூளைக் கொட்டினால் பற்றாது. முதலில் எண்ணெய்தான். நான்கு மூலையிலும் எண்ணெய்ப் பீச்சிகளைக் கொளுத்தி, சுவரில் இருக்கும் சின்னத் துவாரத்தில் நீலக் கண்ணாடியை வைத்து எட்டிப் பார்ப்பார்கள். சுடர் நிற்கிறதா, நடுங்குகிறதா என்று அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தெரியும். பிறகு காத்திருக்க வேண்டும். நீராவி சேரும் டிரம்மின் இரும்புச் சுவர் கனமானது. அதன் மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரே சீராகச் சூடேற வேண்டும். அவசரப்பட்டால் உலோகம் ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் விரியாமல் விரிசல் விடும். நீராவி சுழற்றும் டர்பைனின் தண்டு பல டன் எடை. அது சூடாக இருக்கும்போது அசையாமல் நின்றுவிட்டால் தன் எடையிலேயே வளைந்துவிடும் என்பதால், யூனிட் நின்றாலும் தண்டை மட்டும் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். பாரிங் கியரில் போட்டிருக்கிறது என்பார்கள். நீராவி 540 டிகிரிப் பக்கம் வர வேண்டும், டர்பைன் 3,000 சுற்றுக்கு ஏற வேண்டும், அதன் பிறகு எல்லா மின்நிலையங்களையும் பிணைக்கும் கம்பி வலையான கிரிட்டோடு அலைக்கு அலை பொருத்தி இணைக்க வேண்டும், அதற்கும் பிறகு கரியை அரைக்கும் மில்களை ஒவ்வொன்றாகப் போட்டு லோடை, அதாவது உற்பத்தியை, ஏற்ற வேண்டும். இத்தனையும் முடிந்து முழுத் திறனுக்கு வரப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் சாதாரணம். ஆறிப்போன யூனிட்டை நண்பகலில் எழுப்பத் தொடங்கினால் நள்ளிரவில்தான் அது முழுசாகக் கைக்கு வரும். சில மணி நேரமே நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் எழுப்பினால் சீக்கிரம் வந்துவிடும்தான். ஆனால் தினமும் அப்படிச் செய்தால் எண்ணெய்ச் செலவு ஒரு பக்கம், இரும்பின் ஆயுள் மறுபக்கம்.

“அதனால அணைக்க மாட்டோம். குறைச்சு வெச்சுக்குவோம். 210 யூனிட்னா 115 வரைக்கும் இறக்கி, அதுக்குக் கீழ போனா சுடர் நிக்காதுன்னு அங்கயே பிடிச்சு வெச்சிருப்போம். மத்தியானம் அந்த யூனிட் 115 குடுக்குதுல்ல? அது மத்தியானத்துக்காக எரியல. சாயங்காலம் ஆறு மணிக்காக எரியுது.”

என் கேள்விக்கு முதல் முறையாகக் கிடைத்த பதில் அதுதான். அனல் மின்நிலையத்தைப் பற்றி நான் எப்போதும் யோசித்தது மின்கட்டண யூனிட் கணக்கில். இத்தனை கோடி யூனிட் நிலக்கரியில், இத்தனை கோடி யூனிட் சூரிய ஒளியில், இது கூடினால் அது குறையும் என்று. பெரியப்பாவின் காலண்டர் தாள் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. நண்பகலில் எவ்வளவுதான் சோலார் சேர்த்தாலும், மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் வேறு ஏற்பாடு இல்லாதவரை அந்த யூனிட் அணையாது. நண்பகலிலும் ஆயிரம் டன் கணக்கில் கரி எரிந்துகொண்டே இருக்கும். பாதி லோடில் ஓடும்போது ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் கூடுதல் கரி வேறு பிடிக்கும். புகையை நிறுத்த வேண்டுமென்றால் நாம் போய் நிற்க வேண்டிய இடம் நண்பகல் அல்ல. சாயங்காலம்.

ஒரு நாளைக்கு ஒரு கூட்ஸ் ரயில்

210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு லோடில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட் மின்சாரம் வரும். அதற்குச் சுமார் 3,500 டன் நிலக்கரி வேண்டும். ஏறக்குறைய ஒரு முழு கூட்ஸ் ரயில். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான் என்பதால், அந்த ஒரு யூனிட்டிலிருந்து மட்டும் தினமும் ஆயிரம் டன்னுக்கு மேல் சாம்பல் வெளியே வரும். தமிழ்நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. நம் கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்சேர் போன்ற இடங்களில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. மேட்டூருக்கு அங்கிருந்து மறுபடியும் ரயில். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறவர்கள் மழையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்களாம், கப்பலைப் பற்றித்தான் கவலைப்படுவார்களாம். 2021 அக்டோபரில் நாடு முழுக்கக் கரி இருப்பு தரைதட்டியதும், 2022 ஏப்ரலில் கரி ரயிலுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களை ரத்து செய்ததும் நினைவிருக்கும்.

வாரியத்தின் சொந்த அனல் மின் திறன் தூத்துக்குடி 1,050, மேட்டூர் 1,440, வட சென்னை 1,830 என 4,320 மெகாவாட்டாக இருந்தது. 2024-ல் வட சென்னை மூன்றாம் நிலையின் 800 சேர்ந்து 5,120 ஆனது. அதே 2024 மே 2-ம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். சொந்த நிலையங்கள் எல்லாம் முழு மூச்சில் ஓடினாலும் கால் பங்குதான் தேறும். மிச்சத்துக்கு நெய்வேலி, வல்லூர், கூடங்குளம், தனியார், நீர், காற்று, பிறகு வெளிமாநிலம்.

வெளிமாநிலம் என்ற இந்த ஒற்றைச் சொல்லில் நம் மின்வெட்டு வரலாற்றின் பாதி இருக்கிறது. 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்தியா தனித் தீவு. தால்சேர்–கோலார் போன்ற நேர்மின் (டி.சி.) இணைப்புகள் வழியாகக் கொஞ்சம் வாங்கலாமே தவிர, வடக்கின் கிரிட்டும் தெற்கின் கிரிட்டும் ஒரே தாளத்தில் சுழலவில்லை. அதனால் 2012 ஜூலையில் வட இந்தியாவே இருளில் மூழ்கியபோது நாம் தப்பித்தோம். அதே காரணத்தால், வடக்கே மின்சாரம் உபரியாக இருந்த நேரத்திலும் அப்பாவின் லேத் ஓடவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்த பிறகுதான் நாடு முழுக்க எல்லா டர்பைன்களும் ஒரே வேகத்தில் சுழலத் தொடங்கின. 2021-ல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின் தடம் வந்தது. கரியை ரயிலிலும் கப்பலிலும் கொண்டுவருவதற்குப் பதில், அங்கேயே எரித்து மின்சாரத்தைக் கம்பியில் அனுப்பும் ஏற்பாடு இது. இங்கே பல்பு எரிகிறது. சாம்பல் சத்தீஸ்கரில் சேர்கிறது. அங்கே அதன் பக்கத்தில் குடியிருக்கிறவர்களை நமக்குத் தெரியாது. எண்ணூரிலும், சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்திலும் இருக்கிறவர்களையாவது ரயில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம்.

நெய்வேலிக்கு மட்டும் தனிக் கதை. 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வந்ததில் தொடங்கி, 1956-ல் நிறுவனமாகி, சோவியத் உதவியோடு 1962-ல் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. தென்னாட்டுக்கு அது அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிச்சம் கொடுத்திருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியையும் அதே நெய்வேலிதான் கொடுத்தது. மண்ணுக்குக் கீழே இருப்பது தேசத்துக்கு வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும், அறுவடைக்குக் காத்திருக்க முடியாத அவசரம் என்ன என்பதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

ஏறி இறங்கித் தேய்வது

பெரியப்பா வேலை பார்த்த காலத்தில் யூனிட்டை ஒரே லோடில் வைத்து ஓட்டுவதுதான் பெருமை. நூறு நாள் நிற்காமல் ஓடினால் இனிப்பு கொடுப்பார்களாம். அந்த இயந்திரங்கள் வடிவமைக்கப்பட்டதும் அப்படி ஓடத்தான். இப்போது அவற்றைத் தினமும் காலையில் இறக்கி மாலையில் ஏற்றச் சொல்கிறோம். ஒன்றிய மின்சார ஆணையம் 2023-ல் கொண்டுவந்த விதிகளின்படி, இப்போதைக்கு 55 சதவீதம் வரையும், படிப்படியாக 40 சதவீதம் வரையும் லோடைக் குறைத்து ஓட்டும் வசதியைச் செய்துகொள்ள வேண்டும். கிரிட்டின் பார்வையில் இது சரி. ஆனால் கனத்த நீராவிக் குழாய்கள் தினமும் விரிந்து சுருங்கும்போது பற்றவைத்த இடங்கள் களைத்துப்போகின்றன. டியூப் லீக் கூடுகிறது. கோடை இரவில் ‘கொதிகலன் குழாயில் பழுது, 210 மெகாவாட் உற்பத்தி நிறுத்தம்’ என்று செய்தியில் ஒரு வரி வருமே, அதன் பின்னால் இந்தத் தேய்மானத்துக்கும் பங்கு இருக்கிறது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆட்களும் இருக்கிறார்கள். ஆறியும் ஆறாத கொதிகலனுக்குள் புகுந்து குழாயைப் பற்றவைக்கிறவர், சாம்பல் அள்ளுகிறவர், பங்கர் எனும் நிலக்கரித் தொட்டிப் பக்கம் நிற்கிறவர், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2020-ல் மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் நெய்வேலி இரண்டாம் அனல் மின்நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துப் பலர் மாண்டார்கள். 2024 டிசம்பரில் மேட்டூரில் நிலக்கரித் தொட்டி சரிந்து இரண்டு பேர் போனார்கள். மின்சாரத்தின் விலை என்று நாம் பேசும்போது, மின் கட்டண அட்டையில் இருக்கும் எண்ணைத்தான் பேசுகிறோம்.

புகையின் கதையும் அதே மாதிரிதான். கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் விதி வந்தது. இரண்டு ஆண்டில் கருவி பொருத்த வேண்டும் என்றார்கள். கெடு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். கருவியின் செலவு மின்சாரத்தின் விலையைக் கூட்டும் என்பது உண்மை. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனாலும் எனக்கு இந்த விலக்கில் உடன்பாடு இல்லை. ஓடுகிற யூனிட்டை மாலைக்காக நாம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், அது ஓடும் காலம் வரைக்கும் அதன் பக்கத்தில் மூச்சுவிடுகிறவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் அந்தக் கருவி. வேண்டும் என்று சொல்லி வைத்துக்கொள்வோம், சுத்தமாக வைத்துக்கொள்ளக் காசில்லை என்றும் சொல்வோம் என்பது நியாயமாகப் படவில்லை.

கடம்பாறை

மாலையை எதைக் கொண்டு நிரப்புவது என்று கேட்டபோது பெரியப்பா சட்டென்று சொன்ன பெயர் கடம்பாறை. ஆனைமலையில் மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே மேல் ஆழியாறு, நடுவில் மலையைக் குடைந்து நான்கு 100 மெகாவாட் இயந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும்போது கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தட்டுப்பாடு வரும்போது திறந்துவிடுவார்கள். 1980-களின் கடைசியில் அது ஓடத் தொடங்கியபோது, உபரி என்பது ராத்திரி இரண்டு மணிக்கு. ஊர் தூங்கிவிடும், அனல் யூனிட்டை அணைக்க முடியாது, அந்த மின்சாரத்தில் தண்ணீர் ஏற்றினார்கள். இன்றைக்கு உபரி பகல் 12 மணிக்கு. அதே மலை, அதே தண்ணீர், கடிகாரம் மட்டும் மாறியிருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் கரிக்காகக் கட்டியது, இன்று வெயிலைச் சேமிக்க அப்படியே பயன்படும். நீலகிரியில் போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கங்களுக்கு நடுவே 500 மெகாவாட்டுக்குக் குந்தா நீரேற்றுத் திட்டம் நடக்கிறது. மாநிலத்தின் மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு வேலையை வேகப்படுத்தச் சொல்லி நான் மனு கொடுக்கலாம் என்றால், அதைத்தான் எழுதுவேன். அதற்கு அடுத்து, துணைமின் நிலையங்களில் பேட்டரி.

இன்னொரு வழி, தேவையையே நகர்த்துவது. விவசாய பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரத்தை வெயில் நேரத்தில் கொடுத்தால் விவசாயிக்கும் ராத்திரி பாம்புக்கு நடுவில் மோட்டார் போடப் போக வேண்டியதில்லை. ஆலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் பல வருடமாக இருக்கிறது. இப்போது பகல் நேரத்துக்குச் சலுகைக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2023 விதியும் சொல்கிறது. வீடுகளில் இது நடக்க ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், அதன் மேல் மக்களுக்கு இருக்கும் சந்தேகம் தீர வேண்டும். அது சுலபமில்லை. குடும்பத்தில் எல்லோரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களிடம் பகலில் துணி துவையுங்கள் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு சேமித்தாலும் ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது. ஆடிக் காற்று அடங்கிவிடும். ஆரல்வாய்மொழியில் காற்றாலை இறக்கைகள் மந்தமாகச் சுற்றும். வடகிழக்குப் பருவமழையில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வெயிலே தலைகாட்டாது. நான்கு மணி நேர பேட்டரி அந்த வாரத்துக்குக் காணாது. அதனால் சில யூனிட்டுகளை அந்தக் காலத்துக்கென்றே வைத்திருக்க வேண்டிவரும் என்பதைப் பெரியப்பா அழுத்திச் சொன்னார். உடன்குடியிலும் எண்ணூரிலும் இரண்டிரண்டு 660 மெகாவாட் யூனிட்டுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருமுறை கட்டிவிட்டால் அவை இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடும். அவை வரும்போது எந்தப் பழைய யூனிட்டுகள் போகும் என்பதை அவற்றின் திறப்பு விழாவிலேயே சொல்ல வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. பழைய எண்ணூர் 450 மெகாவாட் நிலையத்தை 2017-லும் நெய்வேலியின் முதல் நிலையத்தை 2020-லும் மூடினார்கள். யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. அவற்றின் மாலை நேரத்தை வேறு கரி நிரப்பியது என்பதும் உண்மை. இனி மூடுவதை வேறு எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் வித்தியாசம் வர வேண்டும்.

“சரி பெரியப்பா, மூடறதுன்னா எதை முதல்ல மூடுவீங்க?”

“தூத்துக்குடி ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு 1979-ல ஓட ஆரம்பிச்சது. நல்லா உழைச்சிருச்சு.” காலண்டர் தாளைத் திருப்பி, பள்ளத்துக்குப் பக்கத்தில் கணக்குப் போட்டார். “210 மெகாவாட், நாலு மணி நேரம். 8.40 லட்சம் யூனிட். சாயங்காலம் ஆறுல இருந்து பத்துக்குள்ள. அதை எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு ஒருத்தன் கொண்டுவந்தான்னா, ஆஃப் பண்ண நானே வந்து நிக்கிறேன்.”

குந்தாவின் 500 மெகாவாட் முடிந்தால் அப்படி இரண்டு யூனிட்டுகளின் சாயங்காலத்தைத் தாங்கும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பேட்டரி. மேட்டூரின் பழைய நான்கு யூனிட்டுகளும் சேர்ந்து 840 மெகாவாட். இப்படி யூனிட் யூனிட்டாக, எது எந்த ஆண்டில், எதை நம்பி மூடப்படும் என்று ஒரு பட்டியல் போட்டு வெளியிட மின்வாரியத்தால் முடியும். கணக்கு அவர்களிடம் இருக்கிறது. சோலார் பூங்கா திறக்கும்போது அறிவிக்கும் மெகாவாட்டுக்குப் பக்கத்தில், மாலை ஏழு மணிக்கு அதிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்ற இன்னொரு எண்ணையும் போடட்டும்.

பட்டியலில் சேர்க்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. யூனிட்டை மூடினாலும் அதன் சாம்பல் குளம் அங்கேயேதான் இருக்கும். சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போவது போக, பல பத்தாண்டுகளாக ஈரச் சாம்பலாகக் கொட்டிவைத்தது ஏக்கர் கணக்கில் கிடக்கிறது. காற்றடித்தால் பறக்கிறது, மழை பெய்தால் ஆற்றுக்கு இறங்குகிறது. அதை அள்ளி, மண் போட்டு மூடி, கழிமுகத்தைத் திரும்ப ஆழப்படுத்த ஆகும் செலவை யூனிட் ஓடிச் சம்பாதிக்கும்போதே தனிக் கணக்கில் எடுத்துவைக்க வேண்டும். ஓட்டம் நின்ற பிறகு கேட்டால், கொடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.